எட்டு பிட் காலத்தில் சிப்பைத் தேர்ந்தெடுத்தது நினைவகம்தான்

பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்களின் மூளையாக இருந்த இரண்டு எட்டு பிட் சிப்களில் 6502 உசத்தியா, இசட்80 உசத்தியா என்ற சண்டை ஐம்பது வருடத்தை நெருங்கியும் ஓய்ந்தபாடில்லை. ஒரு பக்கம் ஆப்பிள் 2, கமடோர் 64, பிபிசி மைக்ரோ. இன்னொரு பக்கம் டிஆர்எஸ்-80, ஸ்பெக்ட்ரம், ஆம்ஸ்ட்ராட், எம்எஸ்எக்ஸ். எதில் ரெஜிஸ்டர் (சிப்புக்குள்ளேயே எண்களை வைத்துக்கொள்ளும் சின்ன இடம்) அதிகம், எதில் கட்டளைகள் அதிகம், ஒரே மெகாஹெர்ட்ஸில் எது அதிக வேலை செய்யும் என்று பட்டியல் போட்டுப் பேசுவார்கள். எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கும், நானும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர்களின் சர்க்யூட் வரைபடங்களை நிதானமாக உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்த பிறகு என் கவனம் முழுக்க வேறு பக்கம் போய்விட்டது. வடிவமைத்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்தவை இரண்டு. ஒன்று விலை. அதைவிடப் பெரியது நினைவகம்: இருக்கிற கொஞ்சம் ரேமை சிப்பும் டிவி திரையும் எப்படிப் பங்குபோட்டுக்கொள்வது என்பது.

விலைக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது பலருக்கும் தெரிந்ததுதான். 1970-களின் நடுவில் இன்டெல் 8080-இன் பட்டியல் விலை 360 டாலர். மோட்டரோலாவின் 6800-ம் மலிவில்லை. 6800-ஐ வாடிக்கையாளர்களிடம் கொண்டுபோய் விளக்கிக்கொண்டிருந்த சக் பெடில், போகிற இடமெல்லாம் ஒரே பதிலைக் கேட்டார்: சிப் அருமை, ஆனால் இந்த விலைக்கு எங்களுக்குக் கட்டாது. 25 டாலருக்கு ஒரு சிப் செய்யலாம் என்று அவர் உள்ளே சொல்லிப் பார்த்தார், மேலிடம் அதை நிறுத்தச் சொன்னது. 1974-இல் பில் மென்ஷ் உள்ளிட்ட சக பொறியாளர்களோடு வெளியேறி, பென்சில்வேனியாவில் இருந்த எம்ஓஎஸ் டெக்னாலஜி என்ற சின்ன நிறுவனத்துக்குப் போனார்.

அங்கே அவர்கள் செய்தது பெரும்பாலும் நீக்கும் வேலை. 6800-இல் இரண்டு அக்யுமுலேட்டர் (கணக்கின் விடை வந்து சேரும் ரெஜிஸ்டர்) இருந்தது, ஒன்றை எடுத்துவிட்டார்கள். முகவரிக் கணக்குக்கான 16 பிட் இன்டெக்ஸ் ரெஜிஸ்டரை எடுத்துவிட்டு எட்டு பிட்டில் இரண்டு வைத்தார்கள். நினைவக முகவரியைக் கொண்டுபோகும் கம்பிகளான அட்ரஸ் பஸ்ஸை விட்டு சிப் தன்னை விலக்கிக்கொள்ள உதவும் டிரைவர்களும் போயின. இதனால் சிப் சின்னதானது, ஒரு சிலிக்கான் தகட்டில் அதிகம் அடங்கியது. போதாததற்கு, மாஸ்க்கில் (சிப்பின் வடிவத்தைத் தகட்டில் பதிக்கும் அச்சில்) இருக்கும் பிழைகளைத் திருத்தும் கலை அந்த நிறுவனத்தின் கையில் இருந்ததால் பழுதில்லாமல் வெளிவரும் சிப்களும் அதிகம். 1975 செப்டம்பரில் சான்பிரான்சிஸ்கோ வெஸ்கான் கண்காட்சியில் அரங்குக்குள் விற்கக்கூடாது என்றதும், ஒரு ஹோட்டல் அறையில் கண்ணாடி ஜாடி நிறைய சிப்பை வைத்து, 25 டாலருக்கு ஒன்று என்று விற்றார்கள். ஜாடியின் அடியில் கிடந்தவை வேலை செய்யாதவை, உற்பத்தி அமோகமாக நடக்கிறது என்று காட்டத்தான் நிரப்பி வைத்தோம் என்று பெடில் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அங்கே வாங்கியவர்களில், பின்னால் ஆப்பிள் 2-ஐ வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக் ஒருவர்.

இதுவரை விலை. இனி வாஸ்னியாக் அந்தச் சிப்பை வைத்து 1977-இல் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

நம் ஊர் பொறியியல் கல்லூரிகளில் 8085 சிப் பயிற்சிக் கிட்டில் ஹெக்ஸ் எண்களைத் தட்டியவர்களுக்கு டைமிங் வரைபடம் நினைவிருக்கும். டி1, டி2, டி3 என்று நீளும். எந்த நேரத்தில் பஸ் யார் கையில் இருக்கிறது என்பது கட்டளைக்குக் கட்டளை மாறும். 6502 அப்படியில்லை. கிளாக்கின் ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரே ஒருமுறை நினைவகத்தைத் தொடும், அதுவும் சுழற்சியின் இரண்டாம் பாதியில்தான். முதல் பாதியில் நினைவகம் சும்மா கிடக்கும். இந்த ஒழுங்கு ஒருபோதும் தவறாது. அப்படியானால் அந்த முதல் பாதியை வேறு யாருக்காவது கொடுக்கலாமே?

ஆப்பிள் 2-இல் வாஸ்னியாக் கொடுத்தது திரைக்கு. கிளாக் வேகம் சுமார் 1.02 மெகாஹெர்ட்ஸ். ஒரு மைக்ரோ செகண்டின் முதல் பாதியில் வீடியோ சர்க்யூட் ஒரு பைட்டை எடுத்துக்கொண்டு போகும், அடுத்த பாதியில் 6502 தன் வேலையைப் பார்க்கும். தெருக்குழாயில் இரண்டு வீட்டுக்காரர்கள் மாறி மாறிக் குடம் வைக்கிற மாதிரி, யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். திரைக்கென்று தனி ரேம் வேண்டாம், சிப்பை நிறுத்திவைக்கும் சர்க்யூட்டும் வேண்டாம்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அன்றைய டைனமிக் ரேம் மறதிக்காரன். 2 மில்லிசெகண்டுக்குள் தன் எல்லா வரிசைகளையும் யாராவது ஒருமுறை தொடாவிட்டால் உள்ளே இருந்ததை மறந்துவிடும். அதைத் தொட்டுக்கொண்டே இருக்கத் தனி சர்க்யூட் போட வேண்டும், அது காசு. ஆப்பிள் 2-இல் திரைக்காக வீடியோ சர்க்யூட் நினைவகத்தைப் படித்துக்கொண்டே இருப்பதால், அந்தப் படிப்பே ரேமைப் புதுப்பித்துவிடுகிறது. தனி சர்க்யூட் தேவையே இல்லை. இதற்கெல்லாம் விலையும் உண்டு. ஆப்பிள் 2 திரையின் முதல் வரி 1024-ஆம் முகவரியில் தொடங்கும். அடுத்த வரி 1064-இல் இருக்கும் என்று நினைப்போம். ஆனால் அது 1152-இல் இருக்கும், 1064-இல் இருப்பது ஒன்பதாவது வரி. சில சிப்களை மிச்சம்பிடிக்கப் போட்ட கணக்கு அது. அந்தக் குழப்பத்தைப் புரோகிராம் எழுதுகிறவர்கள் தலையில் கட்டினார் வாஸ்னியாக். நான் அவர் பக்கம்தான். முகவரிக் கணக்கை ஒருமுறை எழுதிவைத்தால் போதும், சிப்புக்கோ ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் காசு கொடுக்க வேண்டும்.

இப்போது இசட்80. இன்டெல்லில் 8080-ஐ உருவாக்கிய ஃபெடரிகோ ஃபாஜின் வெளியே வந்து, ரால்ஃப் உங்கர்மனோடு ஜைலாக் தொடங்கி, மசதோஷி ஷிமாவையும் சேர்த்துக்கொண்டு, 1976-இல் கொண்டுவந்த சிப். 8080-க்கு எழுதிய புரோகிராம் இதில் ஓடும். 8080-க்கு மூன்று விதமான மின்னழுத்தம் வேண்டும், இதற்கு 5 வோல்ட் மட்டும் போதும். கட்டளைகளின் எண்ணிக்கையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் பேச விரும்புவது ஆர் என்ற ஒரு சின்ன ரெஜிஸ்டரைப் பற்றி.

மறதிக்கார ரேம் பிரச்சினையை ஃபாஜின் குழு சிப்புக்குள்ளேயே தீர்த்துவிட்டது. ஒரு கட்டளையை எடுத்து வந்ததும் அதைப் புரிந்துகொள்ளச் சிப்புக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரத்தில் பஸ் காலி. அப்போது இசட்80, ஆர் ரெஜிஸ்டரில் இருக்கும் எண்ணை அட்ரஸ் பஸ்ஸில் வைக்கும், பிறகு அதில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். அதில் ஏழு பிட் எண்ணப்படும், அதாவது 128 வரிசை. அன்று பரவலாக வந்த 16 கிலோபிட் டைனமிக் ரேமில் இருந்ததும் சரியாக 128 வரிசைதான். புரோகிராம் ஓடினாலே ரேம் தானாகப் புதுப்பிக்கப்படும். மலிவாகக் கம்ப்யூட்டர் செய்ய நினைத்தவனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது கட்டளைப் பட்டியலைப் பார்த்தால் தெரியாது.

ஆனால் 6502 போல் ஒழுங்காகப் பாதிச் சுழற்சி காலியாகக் கிடைக்காது என்பதால் இசட்80-காரர்கள் திரைக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது. டேண்டியின் டிஆர்எஸ்-80, 1977 ஆகஸ்டில் மானிட்டரோடு சேர்த்து 599 டாலருக்கு வந்தது. அதில் ஸ்டீவ் லைனிங்கர் திரைக்கென்று தனியாக 1 கிலோபைட் ரேம் வைத்தார். ஒரு பிட்டுக்கு ஒரு சிப் என்ற கணக்கில் எட்டு சிப் வேண்டும், வைத்தது ஏழு. அந்த ஒரு சிப்பை மிச்சம்பிடித்ததால்தான் அந்த மாடலில் ஆங்கிலச் சிற்றெழுத்து வரவில்லை. பலர் பிற்பாடு எட்டாவது சிப்பைத் தாங்களே பற்றவைத்துச் சிற்றெழுத்தை வரவழைத்துக்கொண்டார்கள். அப்புறம், திரை படிக்கும்போதே சிப்பும் அந்த ரேமுக்குள் எழுதினால் சிப்புக்குத்தான் முன்னுரிமை, திரையில் அந்த நொடி கோடுகள் சிதறும்.

சின்கிளேர் போன வழி யாரும் போகாத வழி. 1980-இல் இங்கிலாந்தில் இசட்எக்ஸ்80, அடுத்த வருடம் இசட்எக்ஸ்81. பின்னதைத் தயார்நிலையில் 69.95 பவுண்டுக்கும், நாமே பாகங்களைப் பற்றவைத்துக்கொள்ளும் கிட்டாக 49.95-க்கும் விற்றார்கள். உள்ளே மொத்தம் நாலைந்து சிப். வீடியோ சிப் என்று ஒன்று கிடையாது. டிவி படத்தை வரைவதே இசட்80-தான்! இதைக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எட்டு பிட் காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

திரையில் தெரிய வேண்டிய எழுத்துகளின் குறியெண்கள் ரேமில் வரிசையாக இருக்கும். படம் வரையும் நேரம் வந்ததும் ரோமில் (அழியாத நினைவகத்தில்) உள்ள புரோகிராம், அந்த எழுத்துகள் இருக்கும் இடத்துக்கே தாவிவிடும், அதுவும் முகவரியின் உச்ச பிட்டை ஒன்றாக வைத்துக்கொண்டு. அதாவது எழுத்துகளையே கட்டளைகளாக நினைத்து ஓட்டச் சொல்கிறது. உச்ச பிட் ஒன்றாக இருப்பதைப் பார்த்ததும் வெளியில் இருக்கும் சர்க்யூட், ரேமிலிருந்து வந்த எழுத்துக் குறியெண்ணைத் தான் பிடித்து வைத்துக்கொண்டு, சிப்புக்கு மட்டும் 'ஒன்றும் செய்யாதே' என்ற கட்டளையைக் காட்டும். சிப் ஒன்றும் செய்யாமல் அடுத்த முகவரிக்கு நகரும். நகர்வதற்கு முன்னால் வழக்கம்போல ரேமைப் புதுப்பிக்கும் அந்தக் காலி நேரம் வருகிறது அல்லவா? அந்த நேரத்தில் அட்ரஸ் பஸ்ஸின் மேல்பகுதியில் ஐ என்ற ரெஜிஸ்டர் இருக்கும். அதோடு, பிடித்து வைத்த குறியெண்ணையும் எழுத்தின் எத்தனையாவது கோடு என்பதையும் வெளிச் சர்க்யூட் சேர்க்க, அது ரோமில் அந்த எழுத்தின் வடிவம் இருக்கும் முகவரியாகிவிடும். எட்டுப் புள்ளிகள் வெளியே வந்து டிவிக்குப் போகும். ஒரு கோடு முடிந்தது என்று எப்படித் தெரியும்? ஆர் ரெஜிஸ்டர் எண்ணிக்கொண்டே வருகிறதே, அதன் ஒரு பிட் போகும் அட்ரஸ் கம்பியை இன்டரப்ட் பின்னில் (நடக்கும் வேலையை நிறுத்திச் சிப்பை வேறு வேலைக்கு அழைக்கும் பின்) கட்டிவிட்டார்கள். எண்ணிக்கை குறிப்பிட்ட இடத்தைத் தொட்டதும் சிப் தன்னைத்தானே தட்டி எழுப்பிக்கொள்ளும்.

ரேமைப் புதுப்பிக்க வைத்த வசதியை எழுத்து வரையவும் கோடு எண்ணவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இசட்எக்ஸ்80-இன் வன்பொருளை வடிவமைத்த ஜிம் வெஸ்ட்வுட்டின் பெயர் வாஸ்னியாக்கின் பெயர் அளவுக்கு ஏன் பரவவில்லை என்று எனக்கு வருத்தமே உண்டு. இந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. இசட்எக்ஸ்80-இல் ஒரு கணக்குப் போடச் சொன்னால் திரை அணைந்துபோகும், விசையை அழுத்தினாலே படம் குதிக்கும். இசட்எக்ஸ்81-இல் படம் நிலையாக நிற்க வேண்டும் என்றால் சிப்பின் நேரத்தில் சுமார் நாலில் ஒரு பங்குதான் நம் புரோகிராமுக்குக் கிடைக்கும். ஆனாலும் 70 பவுண்டுக்கு ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் நுழைந்தது. இதே வேலையை 6502-ஐ வைத்து இந்த விலைக்குச் செய்திருக்க முடியுமா? முடிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். 6502-இல் ஆர் ரெஜிஸ்டர் இல்லை.

1982 ஏப்ரலில் வந்த ஸ்பெக்ட்ரமில் திரை வேலையைத் யூஎல்ஏ என்ற தனித் துணைச் சிப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் திரை இருக்கும் கீழ் 16 கே ரேமை யூஎல்ஏ படிக்கும்போது இசட்80-ம் அங்கே வந்தால், அதன் கிளாக்கையே யூஎல்ஏ நிறுத்திவைக்கும். அதனால்தான் வேகமாக ஓட வேண்டிய புரோகிராம் பகுதிகளையெல்லாம் 32768-க்கு மேலே வைத்தார்கள் கேம் எழுதியவர்கள். அந்த மேல் 32 கே எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு பாதி பழுதான 64 கிலோபிட் சிப்களை மலிவாக வாங்கி, நல்ல பாதியை மட்டும் பயன்படுத்தினார்கள். எந்தப் பாதி நல்லது என்பதற்கு போர்டில் ஒரு ஜம்பர் கம்பி.

இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்தான் உதாரணம். 1979-இல் டிஐ-99/4, 1981-இல் 99/4ஏ. மற்றவர்கள் எல்லாம் எட்டு பிட்டில் இருந்தபோது இவர்களிடம் முழு 16 பிட் சிப், டிஎம்எஸ் 9900, 64 பின், 3 மெகாஹெர்ட்ஸ். விளம்பரத்துக்குக் கேட்கவா வேண்டும்! ஆனால் அதன் பொது ரெஜிஸ்டர்கள் சிப்புக்குள் இல்லை, ரேமில் இருக்கும். ரேம் வேகமாக இருந்தால் அது நல்ல ஏற்பாடு. இந்தக் கம்ப்யூட்டரில் 16 பிட் பாதையில் வேகமாக எட்டக்கூடிய ரேம் வெறும் 256 பைட். பெருமையாகச் சொன்ன 16 கே வீடியோ சிப்புக்குப் பின்னால் இருந்தது. அங்கே இருப்பதைப் படிக்க வேண்டுமென்றால் முகவரியை வீடியோ சிப்பிடம் கொடுத்து, ஒவ்வொரு பைட்டாகக் கேட்டு வாங்க வேண்டும். பேசிக் என்ற மொழியில் நீங்கள் எழுதும் புரோகிராம் போய் உட்கார்வதும் அங்கேதான். போதாக்குறைக்கு பேசிக்கையே ஜிபிஎல் என்ற இன்னொரு இடைமொழியில் எழுதியிருந்தார்கள், ஆக ஒவ்வொரு வரியும் இரண்டு முறை மொழிபெயர்க்கப்பட்டு ஓடும். 16 பிட் சிப், 1 மெகாஹெர்ட்ஸ் 6502-க்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. சிப்பின் மேல் எந்தக் குறையும் நான் சொல்ல மாட்டேன், அதன் வாயைக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

டிஐயை வீழ்த்தியது கமடோர். அதற்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. 1970-களின் நடுவில் கமடோர், டிஐயிடம் சிப் வாங்கி கால்குலேட்டர் விற்றுக்கொண்டிருந்தது. டிஐ தானே கால்குலேட்டரை அடிமாட்டு விலைக்கு இறக்க, கமடோர் கிட்டத்தட்ட மூழ்கிவிட்டது. இனி சிப்புக்கு யாரையும் நம்பக்கூடாது என்று ஜாக் ட்ரமியல் 1976-இல் எம்ஓஎஸ் டெக்னாலஜியையே வாங்கினார். 6502-ம் பெடிலும் அப்படித்தான் கமடோருக்கு வந்தார்கள். கமடோர் தன் கம்ப்யூட்டர்களில் ஏன் 6502 வைத்தது என்று கேட்பவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான பதில் இல்லை: அது அவர்கள் சொந்தத் தொழிற்சாலையில் செய்தது. 1982-இல் 595 டாலருக்கு வந்த கமடோர் 64-இல் 6502-இன் மாறுவடிவமான 6510. ஆப்பிள் 2-இன் அதே பாதிச் சுழற்சி முறைதான், ஆனால் வண்ணமும் ஸ்பிரைட்டும் (திரையில் தனியாக நகரும் சின்னப் படம்) கேட்டதால் அது போதவில்லை. எழுத்துப் பகுதியில் எட்டுக் கோட்டுக்கு ஒருமுறை வீடியோ சிப், 6510-ஐ நாற்பது சுழற்சி அளவுக்கு நிறுத்திவிட்டுக் கூடுதலாகப் படித்துக்கொள்ளும். 6502-இல் நீக்கிய அந்த அட்ரஸ் பஸ் டிரைவர்களை 6510-இல் திரும்ப வைத்தது இதற்காகத்தான். விலைப்போரில் 99/4ஏ 99 டாலர் வரை இறங்கி, 1983 அக்டோபரில் டிஐ வீட்டுக் கம்ப்யூட்டரையே கைவிட்டது.

மோட்டரோலாவின் 6809 ரசிகர்கள் கோபப்படுவார்கள், அதனால் ஒரு வரி. எழுதுவதற்கு எட்டு பிட்டில் அதைவிட அழகான சிப் இல்லை என்பதை ஏற்கிறேன். டேண்டி கலர் கம்ப்யூட்டரும் வேல்ஸ் நாட்டு டிராகன் 32-ம் அதில்தான் ஓடின. வந்தது தாமதம், விலை அதிகம், அதற்குள் 6502-க்கும் இசட்80-க்கும் மென்பொருள் குவிந்துவிட்டது.

பிபிசி மைக்ரோவுக்கு வருகிறேன். இந்திய அரசு 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கு வந்ததும் இதுதான், அதனால் சிலருக்காவது அந்தச் சிவப்பு நிற ஃபங்ஷன் விசைகள் நினைவிருக்கும். கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் 1981-இல் செய்தது. அதே 6502, ஆனால் 2 மெகாஹெர்ட்ஸ். சிப்புக்கு வினாடிக்கு 20 லட்சம் முறை, திரைக்கு 20 லட்சம் முறை என்று மொத்தம் 40 லட்சம் முறை படிக்கக் கொடுக்கும் ரேமை ஹிட்டாச்சியிடமிருந்து வாங்கினார்கள். அன்று அவ்வளவு வேகமான டைனமிக் ரேம் அபூர்வம். சிப்பை விட ரேமைத் தேடிப்பிடித்ததுதான் அந்தக் கம்ப்யூட்டரின் ரகசியம். ஃபிளாப்பியிலிருந்து வரும் பைட்டுகளை வாங்கவும் தனி சர்க்யூட் வைக்காமல், 6502 இன்டரப்ட்டுக்கு உடனே ஓடி வரும் குணத்தை நம்பிச் சிப்பையே பயன்படுத்தினார்கள்.

அடுத்த கம்ப்யூட்டருக்கு 16 பிட் சிப் தேடியபோது ரேம் வேகம், இன்டரப்ட் வேகம் என்ற இந்த இரண்டும்தான் அவர்களின் அளவுகோல். மோட்டரோலாவின் 68000-ஐப் பார்த்தார்கள், நேஷனல் செமிகண்டக்டரின் 16032-ஐப் பார்த்தார்கள். 68000-இல் ஒரு வகுத்தல் கட்டளை 158 சுழற்சி வரை இழுக்கும். அது முடியும்வரை இன்டரப்ட் வாசலில் நிற்க வேண்டும். ரேம் கொடுக்கத் தயாராக இருந்த வேகத்தையும் இந்தச் சிப்களால் முழுதாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. சரி, 6502-இன் அடுத்த தலைமுறை எப்படி என்று பார்க்க 1983-இல் அரிசோனாவுக்கு, பில் மென்ஷின் வெஸ்டர்ன் டிசைன் சென்டருக்குப் போனார்கள். பெரிய வளாகத்தை எதிர்பார்த்துப் போனவர்கள் கண்டது ஒரு சாதாரண வீடும், அதில் வேலை பார்க்கும் சின்னக் குழுவும். சிப் வடிவமைக்க இவ்வளவு பேர் போதுமென்றால் நம்மாலும் முடியும் என்ற தைரியத்தோடு திரும்பினார்கள்.

1983 அக்டோபரில் தொடங்கிய அந்த வேலையில் பிறந்த சிப்தான் ஆர்ம். ஃபர்பர் அதன் மாதிரியை பிபிசி பேசிக்கில் 808 வரிகளில் எழுதினார். முதல் சிப் 1985 ஏப்ரல் 26 அன்று வந்து, முதல் முயற்சியிலேயே ஓடியது, அதுவும் பிபிசி மைக்ரோவில் செருகிய இரண்டாவது சிப்பாக. சுமார் 25,000 டிரான்சிஸ்டர். உள்ளே பார்த்தால் இதுவரை பேசியதெல்லாம் இருக்கிறது. அடுத்தடுத்த முகவரிகளைப் படித்தால் டைனமிக் ரேம் இரு மடங்கு வேகத்தில் தரும் என்பதால், இது அடுத்த முகவரிதான் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு தனி சிக்னல். ஒரே கட்டளையில் பல ரெஜிஸ்டர்களை வரிசையாக நிரப்பும் வசதி. வேக இன்டரப்ட்டுக்கென்றே ஒதுக்கிய தனி ரெஜிஸ்டர்கள், ஃபிளாப்பி பைட்டை உடனே வாங்கிக்கொள்ள. இன்று உங்கள் கைப்பேசியில் இருக்கும் சிப்பின் முன்னோர் இது. கட்டளைகள் குறைவு என்பதற்காக மட்டும் அதைப் புகழ்வது பாதிக் கதை.

ஜைலாக் 2024-இல் தனி இசட்80 சிப்புக்கான கடைசி ஆர்டர்களை வாங்கி முடித்துவிட்டது. 6502-இன் இன்றைய வடிவமான 65சி02-ஐ மென்ஷின் நிறுவனம் இன்னும் விற்கிறது. இதையெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் அதை வாங்குங்கள். பழைய 6502-இன் கிளாக்கை நிறுத்தினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும், 65சி02-இல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்திவைக்கலாம். கிளாக் பின்னில் ஒரு பட்டன், அட்ரஸ் பின்களில் பதினாறு எல்இடி, டேட்டா பின்களில் 'ஒன்றும் செய்யாதே' கட்டளையான 11101010-க்கு ஏற்றபடி எட்டு ரெசிஸ்டர், ரேம்கூட வேண்டாம். ரீசெட் செய்துவிட்டுப் பட்டனை அழுத்தி அழுத்தி விடுங்கள், சிப் எப்போது எந்த முகவரியைக் கேட்கிறது என்று எல்இடி காட்டும். அடுத்து ஒரு சின்ன ஸ்டாடிக் ரேமைச் சேர்த்து, அந்த முதல் பாதியில் அதை வேறொரு சர்க்யூட் படிக்கும்படி செய்து பாருங்கள். யாராவது செய்தால் எனக்கும் எழுதுங்கள், போர்டின் படத்தோடு.